இரண்டு பயிற்சியாளர்களும் நான்கு சென்டிமீட்டரும்

துறைமுகப் பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா அதிகம் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விடுவாள். யாராவது அழுதாலும் கண்ணில் படாது. அந்த வாரம் ஒட்டியிருந்த தாளில் இரண்டே வரிகள். நடுவில் ஆடுகிறவர்கள் எட்டு வாரத்துக்குள் ஓடிவந்து குதித்து இரண்டு மீட்டர் தொண்ணூறு தொட வேண்டும். தொடாதவர்கள் பன்னிரண்டு பேர் பட்டியலில் இல்லை.

நடுவில் ஆடுகிற நெட்டை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். அவள் தொடுவது இரண்டு எண்பத்தாறு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொண்ணூற்றிரண்டு தொட்டவள்தான். ஆனால் அப்போது தொட்டதற்கு இப்போது யார் மதிப்பெண் போடுவார்கள்? வயது முப்பத்தொன்று. இந்த வயதில் அணியிலிருந்து இறங்குகிறவளைத் திரும்ப ஏற்ற யாரும் ஏணி கொண்டுவருவதில்லை. பதினைந்து வயதிலிருந்து வலைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் அடிக்கிறவளின் தோளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். வலை முன்னால் நிற்கும் நேரத்தில் மட்டும்தான் அவளிடம் யாரும் எதையும் எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை.

ஆக, நான்கு சென்டிமீட்டர் வேண்டும். ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் அதன் நீளம்கூட இல்லை.

வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் இது அவளுக்கும் அவள் காலுக்கும் இடையில் முடிந்திருக்கும். அவளுடைய கெட்ட நேரம், அப்பா உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். அதைவிடக் கெட்ட நேரம், புருஷனும் அதே கூடத்தில் பயிற்சியாளராக இருந்தான்.

அப்பாவை ஊரே பயில்வான் என்று கூப்பிட்டது. கூடத்துப் பெயர்ப்பலகையில் மார்பை விரித்து நிற்கும் ஆணழகன் அவர்தான் என்பதைப் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு அவரே சொல்ல வேண்டியிருந்தது. படத்துக்கும் அவருக்கும் நடுவில் முப்பது வருஷமும் ஒரு வயிறும் வந்துவிட்டன. அவருடைய கொள்கை எளிமையானது. வியர்வை சொட்டினால் அது உடற்பயிற்சி. சொட்டாவிட்டால் அது பொழுதுபோக்கு. பஸ்கி, தண்டால், கயிறு, மறுபடியும் பஸ்கி. எத்தனை என்று கேட்கிறவனுக்கு, "எண்ணுறவன் எதுக்குடா இங்க வர்ற, போய்க் கடையில உக்காரு" என்பார்.

புருஷனை எல்லோரும் கோச் என்றார்கள். கூடத்தின் எதிர்ச் சுவரில் அவனுடைய சான்றிதழ்கள் பதினொன்று, கண்ணாடிச் சட்டத்தில், ஒரே மட்டத்தில் தொங்கின. நான்கைந்து வார இறுதிகளில் வாங்கியவைதான் என்றாலும், முத்திரை பெரிது. பயில்வானின் கோப்பைகள் இந்தச் சுவர். கோச்சின் சான்றிதழ்கள் அந்தச் சுவர். நடுவில் இரும்பு.

மாமனாரும் மருமகனும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. போட முடியாது. ஒருவர் "மாப்பிள்ளை" என்றும் மற்றவர் "மாமா" என்றும் ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு வாயில் வருவதெல்லாம் "ங்க" போட்டுத்தான் வரும். ஆகவே அவர்கள் மரியாதையாலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் கோச் விளக்கினான்.

"மாமா, பலம் வேற, பவர் வேற. எவ்வளவு விசை குடுக்கறோம்ங்கறது பலம். அதை எவ்வளவு வேகமாக் குடுக்கறோம்ங்கறதும் சேர்ந்தாத்தான் பவர். தரையில கால் இருக்கறதே கால் செகண்டுதான். அதுக்குள்ள எவ்வளவு தள்ள முடியுதோ அதுதான் உயரம்."

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் பயில்வான், தட்டைப் பார்த்தபடியே. "எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துல அது தெரியாமத்தான் ஆறடி மதிலைத் தாண்டிக்கிட்டு இருந்தோம்."

"நீங்க தாண்டினது நாய் துரத்தினப்ப," என்றாள் அம்மா.

"நாய் துரத்தினா என்ன, தாண்டினது தாண்டினதுதானே."

"அதேதான் மாமா!" கோச்சுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாய் வந்தப்ப நீங்க மெதுவாத் தாண்டல. முழு வேகத்துல தாண்டினீங்க. ஒரு தடவைதான் தாண்டினீங்க. அப்புறம் ஓய்வு எடுத்தீங்க. அதுதான் என் பயிற்சி முறை."

தன்னை ஒரு நாய்க்கு உதாரணமாக்கியதாகவே பயில்வானுக்குப் பட்டது. ஆனாலும் மாப்பிள்ளை. சரி, எட்டு வாரமும் மாப்பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பயிற்சி மாலையில் நடந்தது. துறைமுகத்து லாரி எடை மேடையில் வேலை முடிந்து ஐந்தரைக்கு நெட்டை கூடத்துக்கு வருவாள். இரும்புக் கம்பியைத் தொடையளவிலிருந்து ஒரே சுண்டலில் தோளுக்கு ஏற்ற வேண்டும். மூன்று முறை. கம்பியின் முனையில் ஒரு மெல்லிய நூல் கட்டியிருக்கும். நூல் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். பெட்டி, கம்பி நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் ஏறியது என்று சொல்லும். பெட்டி சொன்னதைக் கோச் சத்தமாகச் சொல்லுவான், ஏதோ விமானம் இறங்கப்போவதுபோல. பிறகு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். பிறகு மரப்பெட்டியின் மேல் ஐந்து குதி. மறுபடி மூன்று நிமிடம். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கு அத்தோடு சரி, வீட்டுக்குப் போகலாம்.

உடம்பில் வேகத்தை வளர்க்க வேண்டுமானால் களைத்த உடம்பில் முடியாது. இதில் கோச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மணி நேரத்தில் நாற்பத்தைந்து நிமிடம் நெட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற தம்பதியைப்போல இருந்தது.

மூன்றாவது நாள், வழக்கமாக வருகிற தையல்காரர் பயில்வானிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்ன பயில்வான், பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? உக்காந்தே இருக்கு."

பயில்வானுக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அவருடைய கூடத்தில், அவருடைய மகள், ஒரு சொட்டு வியர்வை இல்லாமல்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கோச் அந்த நேரத்தில் நீச்சல் குளத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருப்பான். எட்டு மணிக்குத்தான் வருவான்.

"பாப்பா, எழுந்திரு."

"என்னப்பா?"

"சும்மா முட்டியைச் சூடு பண்ணிக்கலாம் வா. ஒரு இருநூறு பஸ்கி."

"இருநூறா? அவர் வேண்டாம்னு சொல்லியிருக்காருப்பா."

"அவர் சொன்னதை நான் என்னிக்காவது குறை சொல்லியிருக்கேனா? அவர் சாயந்திரம் பண்றது சாயந்திரம். இது காலையில. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம், மனசு கஷ்டப்படுவார்."

நெட்டை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பயம்தான். இருநூறு பஸ்கியை விட்டுவிட்டு, கடைசியில் நான்கு சென்டிமீட்டரும் அதில்தான் ஒளிந்திருந்தது என்று ஆகிவிட்டால்? இருபது வருஷமாக அப்பாவின் பஸ்கியில் வளர்ந்த கால் அது. அந்தக் கால்தான் ஒரு காலத்தில் தொண்ணூற்றிரண்டு தொட்டது. இருட்டு பிரியுமுன்னே எழுந்து செய்தாள். தரையில் வியர்வை சொட்டியது. பயில்வான் அதைக் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் பெட்டி வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தது. நொடிக்கு ஒன்று புள்ளி மூன்று மீட்டர் வந்த கம்பி, ஒன்று புள்ளி இரண்டு என்றது. பிறகு ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. கோச் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். நூலை மாற்றினான். கடைசியில் மனைவியைச் சந்தேகித்தான்.

"சரியாத் தூங்கறியா?"

"தூங்கறேனே."

"மாமா ஏதாவது பஸ்கி கிஸ்கின்னு...?"

"சேச்சே."

பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு "சேச்சே" ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுமென்றால் சொல்லிவிட்டுப் போவதில் என்ன என்று நினைத்தாள்.

கோச் இரண்டு நாள் புத்தகம் புரட்டினான். பிறகு முடிவுக்கு வந்தான். உடம்புக்குத் தூண்டுதல் போதவில்லை. இன்னும் வேண்டும். மாலையில் அதிகமாக்கினால் மாமா கண்ணில் படும். "நான்தான் அப்பவே சொன்னேனே மாப்பிள்ளை" என்பார். ஆகவே மதியம்.

"மதிய இடைவேளையில உன் ஆபீசுக்கு வரேன். பத்து நிமிஷம் போதும். மாமாவுக்குத் தெரிய வேண்டாம், தப்பா நினைச்சுப்பார்."

இப்படியாக, அவள் பெஞ்சில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் ஓய்வில் இருக்கிறாள் என்று புருஷன் நினைத்துக்கொண்டிருந்தான். ஆக நெட்டை நாளைக்கு மூன்று வேளை பயிற்சி செய்தாள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தாள். நான்கு வயது மகள், "அம்மா, நீ ஏன் பாட்டி மாதிரி உக்கார்ற?" என்று கேட்டது.

எடை மேடை என்பது துறைமுக வாசலில் தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தளம். லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் நெட்டை உட்கார்ந்து, பெரிய சிவப்பு எண்கள் ஒளிரும் பலகையைப் பார்த்து எடையை எழுதிச் சீட்டுக் கொடுப்பாள். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை லாரி வராது. முதல் நாள் அங்கே வந்து நின்ற கோச்சுக்கு அந்தத் தளத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"இது என்னன்னு தெரியுதா உனக்கு?"

"எடை மேடை. ஆறு வருஷமா இங்கதான் வேலை பாக்கறேன்."

"விசைத் தட்டு! குதிக்கறப்ப தரையை எவ்வளவு தள்ளறோம்னு அளக்கற கருவி. பெரிய பெரிய ஆய்வுக்கூடத்துல மட்டும்தான் இருக்கும். இதை வெச்சுக்கிட்டு லாரி எடை போட்டுட்டு இருக்கீங்களே!"

"லாரி எடை போடத்தான் வெச்சிருக்காங்க."

அவன் கேட்கவில்லை. அவளைத் தளத்தின் நடுவில் நிறுத்தி, குதிக்கச் சொல்லி, பலகையைப் படித்தான். அந்த மேடை இருபது கிலோ இருபது கிலோவாகத்தான் எண்ணும். முப்பது டன் லாரியை நிறுக்கிறதற்கு அது போதும். நெட்டை நின்றால் எண்பது என்றது. குதித்தால் யோசித்துவிட்டு நூறு என்றது, இல்லையென்றால் அறுபது, சில சமயம் பூஜ்யம். கோச் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, சராசரி எடுத்து, வளைகோடு வரைந்தான். வளைகோடு அழகாக மேலே ஏறியது.

ஐந்தாவது வாரக் கடைசியில் அக்கா ஒரு முன்னோட்டம் பார்த்தாள். பயிற்சி மைதானத்தில் ஒரு கம்பம் உண்டு. அதன் உச்சியில் விரல் அகலப் பிளாஸ்டிக் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒன்றாக, சீப்புப் பற்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். குதித்துத் தட்டினால் எட்டிய பட்டைவரை திரும்பிவிடும். நெட்டை ஓடிவந்து குதித்தாள். கை போன இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. பட்டைகள் கொஞ்சம்தான் திரும்பின.

"எண்பத்திமூணு," என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றினாள்.

புதிதாக வந்த இருபது வயதுப் பெண் அடுத்துக் குதித்துத் தொண்ணூற்றிரண்டு தொட்டுவிட்டு, "சாரிக்கா," என்றாள். எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்து வாரம். மூன்று வேளை. மூன்று சென்டிமீட்டர் கீழே. அன்று பேருந்தில் நெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தொடைகளையும் கையால் அழுத்திப் பார்த்தாள். ஈர மணல் மூட்டையைத் தொடுவதுபோல் இருந்தது. தன்னால் இனி முடியாது என்று முதல் முறையாக முழு வாக்கியமாக நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் இன்னும் ஏதாவது செய்யச் சொல்வார்கள்.

சொல்லாமலேயே சொன்னார்கள். "இருநூறு பத்தல பாப்பா, முந்நூறு," என்றார் அப்பா. "மதியம் குதி பதினஞ்சு பத்தல, முப்பது," என்றான் புருஷன். கூடவே அப்பா ஒரு புது யோசனையும் வைத்திருந்தார். மதிய இடைவேளையில் துறைமுகக் கலங்கரை விளக்கின் படிக்கட்டை இரண்டு தடவை ஏறி இறங்கினால் என்ன? அதை நேரில் வந்தே ஆரம்பித்து வைக்கலாம் என்று ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, ஒன்று பத்துக்கு, அவர் எடை மேடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

மேடையின் நடுவில் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கையில் நோட்டுடன் எண்ணிக்கொண்டிருந்தான்.

"இருபத்தொண்ணு, இருபத்திரண்டு... மாமா?"

"வாங்க மாப்பிள்ளை," என்றார் பயில்வான், ஏதோ தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல. வாய்க்குப் பழகியது முதலில் வந்துவிட்டது. அவரும் மேடைமேல் ஏறினார். பலகை இருநூற்று நாற்பது என்றது. "ஓய்வுதான் முக்கியம்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"இது ஒரு சின்ன கூடுதல் தூண்டுதல், மாமா. வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது. காரணம் தெரியல."

"காரணமா? உக்காந்தே இருந்தா எப்படி வேகம் வரும்? நான் மட்டும் காலையில முந்நூறு பஸ்கி போட வைக்கலைன்னா இவ இந்நேரம் நடக்கவே..."

நிறுத்தினார். ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

கோச் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். "முந்நூறா?"

"இந்த வாரத்துலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி இருநூறு," என்றாள் நெட்டை. நேர்மையாக இருக்க இதைவிட நல்ல சமயம் அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் மூச்சு வாங்கியது, யோசிக்க முடியவில்லை.

"மூணு வாரமா என் பெட்டியை நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் மாமா! நூலை மூணு தடவை மாத்தினேன்!"

"நூலைக் கட்டிட்டு உக்காந்திருந்தா குதிக்க வந்துடுமா மாப்பிள்ளை? மாடு கட்டறதுக்கும்தான் நூல் வேணும்!"

"அது கயிறு மாமா!"

"நான் மரியாதையாப் பேசறேன்!"

"நானும் மரியாதையாத்தான் பேசறேன்!"

இரண்டு பேரும் பேச்சுக்குப் பேச்சு காலை ஓங்கி வைத்தார்கள். பலகை இருநூற்று அறுபது என்றது, இருநூற்று இருபது என்றது, முந்நூறைத் தொட்டு இறங்கியது. இதற்குள் ஒரு லாரி வந்து மேடை விளிம்பில் நின்றிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பலகையையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, கத்தினா எடை கூடுமா? அப்படின்னா நானும் ரெண்டு வார்த்தை கத்தறேன், சரக்கு கொஞ்சம் கம்மியா இருக்கு."

"இறங்குங்க ரெண்டு பேரும்," என்றாள் நெட்டை. "வண்டி ஏறணும்."

இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாக.

அன்று மாலை கூடத்தில் பேச்சு இல்லை. பயில்வான் தன் கோப்பைகள் இருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கோச் தன் சான்றிதழ்களைப் பார்த்து நின்றான். நெட்டை நடுவில் வந்து கம்பியருகே நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் பாப்பா," என்றார் அப்பா. "மாப்பிள்ளை பாத்துக்கட்டும். அவர் வந்து கேட்டா அப்ப வரேன்."

"நான் இதுல தலையிடல," என்றான் கோச். "மாமாவே பாத்துக்கட்டும். தப்புன்னு ஒத்துக்கிட்டா அப்ப பாக்கலாம்."

இரண்டு பேரும் மற்றவர் வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தார்கள். நாள் ஒன்று, இரண்டு, மூன்று. காலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்படவில்லை. மதியம் எடை மேடைக்கு யாரும் வரவில்லை. மாலை நூல் பெட்டி உறை போட்டபடியே இருந்தது. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தன்னை இரண்டு பேரும் கைவிட்டுவிட்டதாகவே நெட்டை நினைத்தாள். தனியாக இருநூறு பஸ்கி போடலாமா என்று முதல் நாள் காலை எழுந்து நின்றுகூடப் பார்த்தாள். கால் மறுத்தது. சரி, போனது போகட்டும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அக்காவின் பந்துப் பயிற்சிக்கு மட்டும் போய்வந்தாள். மற்ற நேரம் மகளுக்குத் தலை பின்னினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். தோற்கப்போகிறவளின் நிம்மதி ஒன்று உண்டல்லவா, அது அவளுக்கு வந்திருந்தது.

"ரெண்டு பேரும் எப்போ பேசுவாங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"அவசரமா உனக்கு? வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு," என்றாள் அம்மா.

ஒன்பதாவது நாளோ என்னவோ, பேருந்தைப் பிடிக்க ஓடினாள். படியில் கால் வைக்கப்போனவள் நேராக உள்ளே போய் நடத்துனர்மேல் மோதினாள். "மெதுவாம்மா, இது என்ன குதி!" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவள், தொடையை அழுத்திப் பார்த்தாள். மணல் மூட்டையைக் காணோம்.

தேர்வு நாள் சனிக்கிழமை. பயில்வான் மைதானத்தின் கிழக்குப் படியில் உட்கார்ந்தார். கோச் மேற்குப் படியில். அக்கா கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மூன்று வாய்ப்பு என்று விரலைக் காட்டினாள்.

முதல் குதியில் எண்பத்தெட்டு. அதுவே அவளுக்கு நம்ப முடியவில்லை. இரண்டாவதில் ஓட்டம் பிசகி எண்பத்தைந்து. திரும்பி நடந்து, கோட்டுக்கு வந்து நின்று, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். கிழக்கிலிருந்து, "மூச்சைப் பிடி பாப்பா!" என்று குரல் வந்தது. மேற்கிலிருந்து, "மூச்சை விடு, விடு!" என்று குரல் வந்தது. அவள் இரண்டையும் காதில் வாங்காமல் ஓடினாள். கடைசி இரண்டு அடியில் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. பட்டைகள் சடசடவென்று திரும்பின.

அக்கா எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"தொண்ணூத்தொண்ணு."

நெட்டை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப்பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அக்கா பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டாள்.

"மூணு வாரத்துல எட்டு சென்டிமீட்டர். என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"சரி, சொல்லாதே. வீட்டுலயே ரெண்டு பெரிய ஆளுங்க, ரகசியம் இருக்கத்தான் செய்யும்." அக்காவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் பேச்சு திரும்பியது. வெற்றிக்கு இரண்டு அப்பன் இருந்தால் அவர்கள் பேசாமல் இருக்க முடியுமா?

"இருநூறு பஸ்கி போட்டா உடனே தெரியாது," என்று பயில்வான் கூரையைப் பார்த்துச் சொன்னார். "ரத்தத்துல ஊறணும். அதுக்கு ஒரு பதினஞ்சு நாள் ஆகும். அது எனக்குத் தெரியும்."

"பயிற்சியில வர்ற களைப்பு சீக்கிரம் போயிடும், வந்த பவர் அப்படியே நிக்கும்," என்று கோச் ஒரு தாளில் இரண்டு வளைகோடு போட்டான். "அதனால கடைசி ரெண்டு வாரம் ஓய்வு. இது திட்டமிட்டது."

"திட்டமா?" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுக்குப் பேரு திட்டமா?"

கோச் தாளைத் திருப்பி வைத்தான். சொன்ன விஷயம் என்னவோ உண்மைதான். அதைச் சொல்வதற்குத்தான் அவனுக்குத் தகுதி இல்லாமல் போயிற்று.

நெட்டை எழுந்து அந்தத் தாளை எடுத்தாள். வளைகோட்டின் முதுகில் ஏழு கட்டம் போட்டாள். லீக் ஆட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. திங்களும் வெள்ளியும் மாலை, கோச், நூல் பெட்டியோடு. புதன் காலை, அப்பா. "இருநூறு இல்லப்பா. கம்பியைத் தோள்ல வெச்சுக்கிட்டு, கனமா, அஞ்சு அஞ்சா நாலு தடவை. நீங்க பின்னாடி நின்னு பிடிக்கணும்." செவ்வாய், சனி அக்காவின் பந்து. வியாழனும் ஞாயிறும் எழுதவில்லை.

"இது என்ன காலியா இருக்கு?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

"ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு என்கிட்ட யாரும் வரக்கூடாது. யாராவது 'அவருக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னீங்க, நான் அக்கா வீட்டுல போய் இருந்துப்பேன்."

இருவரும் தலையாட்டினார்கள். காலிக் கட்டங்களை இருவரும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள்.

முதல் வியாழன் அவளுக்கு வாராந்திர விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தாள். கண் சொக்கியது. எவ்வளவு நேரம் போனதோ, கதவருகே கிசுகிசுப்பு கேட்டது.

"எழுப்பிடலாம் மாப்பிள்ளை. இருபது நிமிஷத்துக்கு மேல தூங்கினா ரத்தம் கெட்டியாயிடும்."

"இல்ல மாமா, தொண்ணூறு நிமிஷம் தூங்கணும். அதுதான் ஒரு முழு சுற்று. நான் நேரம் குறிச்சு வெச்சிருக்கேன், இன்னும் முப்பத்தாறு இருக்கு."

"குறிச்சு வெச்சிருக்கீங்களா? அப்ப சரி. ஆனா இடது பக்கம் படுத்திருக்கா பாருங்க. வலது பக்கம் படுத்தாத்தான் இடது கால்ல பலம் ஏறும்."

"அப்படிங்களா மாமா? அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

நெட்டை கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனார்கள். கூடத்துப் பக்கமிருந்து வலது பக்கமா இடது பக்கமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, மரியாதையோடுதான். அவள் இடது பக்கமே கிடந்து தூங்கிப்போனாள்.